இரண்டாயிரம் ஓம்

செஞ்சி
5-9-1966

தம்பி சொக்கலிங்கத்துக்கு,

அக்கா செந்தாமரை எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கிற மனசு எனக்கு இப்போது இல்லை. போன ஆவணியில் பூங்கோதையின் காதுகுத்துக்கு வந்தாய். தாய்மாமனாக அவளை மடியில் வைத்துக்கொண்டு, சபை நடுவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, இலையில்கூட உட்காராமல் பஸ் ஏறிப் போனாய். அப்புறம் ஒரு கார்டு உண்டா? அக்கா இருக்கிறாளா செத்தாளா என்று கேட்க ஒரு வருஷமாக உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மைக் செட் ராஜாங்கம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எங்கள் தலைக்கு மேலேயே ஊளையிட்டது. பந்தலில் இருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. உன் மடியில் இருந்தவள் மட்டும் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இந்தப் பொண்ணுக்குக் காது கேக்கலக்கா" என்று நீ உரக்கச் சொன்னாய். அதை என் காதோடு சொல்லக்கூடாதா? என் நாத்தனார் தைலம்மாள் அன்றைக்குப் பேசிய பேச்சை நீ ஒருதரம் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி என்று போன வாரம் வேலூரில் காது டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது உனக்குத் திருப்திதானே? கீச்சென்ற சத்தம் எதுவும் அவளுக்கு விழவில்லையாம். கனத்த சத்தம் பெரிதாக வந்தால் கொஞ்சம் விழலாமாம். ஒரு மைக், சத்தத்தைப் பெரிதாக்க ஒரு ஆம்ப்ளிபையர், காதுக்கு ஹெட்போன். இதை மாட்டிவிட்டு தினமும் அவளோடு பேச வேண்டும் என்றார். ஐந்து வயசுக்குள் பேச்சு காதில் விழுந்தால்தான் பிறகு வாயில் வருமாம். அவளுக்கு நாலு நடக்கிறது.

தைலம்மாளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தை பிறந்ததும் காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். "பேசாத புள்ளைய வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அங்க போனா அதுங்களோட அது பாட்டுக்கு இருக்கும்" என்கிறாள். உன் மாமா வழக்கம்போலக் கடையில் வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். தன் அக்கா சொல்லை அவர் தட்டியதே இல்லை. என் பெண்ணை நான் அனுப்பப் போவதில்லை. அதற்கு அவளுக்குக் கேட்கிறது என்று நான் தைக்குள் காட்டியாக வேண்டும்.

உனக்கு ரேடியோதானே பிழைப்பு. எந்த ஹெட்போன், எதில் மாட்டுவது என்று உடனே எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செந்தாமரை


சென்னை
8-9-1966

அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுதாதே என்றால் எப்படி? ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்தேன், எழுதத்தான் செய்வேன். காதுகுத்து அன்று காலையிலிருந்தே உன் பின்னால் வந்து வந்து சொன்னேன். "அது பிராக்குப் பாத்துக்கினு இருக்குதுடா, போய் வேலையப் பாரு" என்று நீதான் தள்ளிவிட்டாய். குழாய் ஊளையிட்டபோது வாயில் வந்துவிட்டது. இலையில் உட்காராமல் போனேனா? "எழுந்து போடா" என்று சொன்னது தைலம்மாள் இல்லை. நீ சொன்னாய். தாய்மாமனைச் சபையில் எழுப்பி அனுப்பிவிட்டு, கார்டு போடவில்லை என்று என்னையே கேட்கிறாய்!

பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்போனை மட்டும் தனியாக வாங்கக் கூடாது. அதை ஓட்டப்போகிற ஆம்ப்ளிபையர் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பொருத்தமான ஹெட்போனைப் பிறகு தேட வேண்டும். ஜாதகம் பார்ப்பதைவிடக் கறாராக இதில் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, அது பின்பக்கம் மூடியதாக இருக்க வேண்டும். பட்டாளத்தில் விமானம் ஓட்டுகிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி. காதைச் சுற்றி ரப்பர் வளையம் நன்றாக அழுந்தி உட்காரும், வீட்டுச் சத்தம் உள்ளே வராது. அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் சத்தம் வெளியே கசியாது. பூங்கோதைக்கு வைக்கிற அளவு சத்தம் வெளியே கசிந்தால் அது திரும்ப மைக்குக்குள் போகும், போனால் ஆம்ப்ளிபையர் ஊளையிடும். அன்றைக்கு ராஜாங்கத்தின் குழாய் ஊளையிட்டதற்கும் அதுதான் காரணம்.

நான் இங்கே பார்க்கிறேன். அதுவரை யாரும் எதையும் வாங்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி வை. பெண் எப்படி இருக்கிறாள்? நான் போட்ட கல் கம்மலை இன்னும் போட்டிருக்கிறாளா?

சொக்கலிங்கம்


செஞ்சி
19-9-1966

தம்பிக்கு,

கம்மலைப் பற்றிக் கேட்டாய். போட்டிருக்கிறாள். தைலம்மாள் தினமும் திருகாணியைத் தொட்டுப் பார்க்கிறாள். உன்னை வேண்டாம் என்றவளுக்கு உன் கம்மல் வேண்டியிருக்கிறது.

நீ வாங்காதே என்று எழுதிய கடிதம் வந்தபோது உன் மாமா பஸ் ஏறிவிட்டார். தீபாவளிச் சரக்கு எடுக்க சௌகார்பேட்டைக்கு வந்தவர் அப்படியே மூர் மார்க்கெட்டுக்கும் போயிருக்கிறார். அங்கே இரண்டு விதம் காட்டினார்களாம். ஒன்றில் எட்டு ஓம் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் இரண்டாயிரம். உன் மாமா துணிக்கடைக்காரர் அல்லவா? நாற்பதாம் நம்பர் நூலைவிட நூறாம் நம்பர் நூல் உசத்தி என்பது அவருக்குத் தெரியும். எட்டு எங்கே, இரண்டாயிரம் எங்கே! பெண்ணுக்கு மட்டமான சாமான் வேண்டாம் என்று இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, பட்டுப்புடவை பிரிப்பது போலப் பிரித்துக் காட்டினார். பாவம், அவருக்கும் அவள் பெண்தான்.

கடை டிரான்சிஸ்டரில் இயர்போன் சொருகுகிற ஓட்டையில் மாட்டிப் பார்த்தோம். எனக்குக் கொசு பாடுகிற மாதிரி கேட்டது. பூங்கோதைக்கு அந்தக் கொசுவும் இல்லை. திருகித் திருகி முழுசாக வைத்தும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தொப்பி என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு எறிந்துவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த தைலம்மாள், "ஆச்சா? இன்னும் ஏதாச்சும் வாங்கணுமா?" என்று கேட்டாள். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பொருத்தம், ஜாதகம் என்று கதை எழுதத் தெரிந்த உனக்கு, ஓம் என்றால் என்ன என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையே.

செந்தாமரை


சென்னை
22-9-1966

அக்காவுக்கு,

மூர் மார்க்கெட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு எவ்வளவு தூரம் என்று மாமாவைக் கேள். நடந்தே வந்துவிடலாம். பட்டணத்துக்கு வந்தவர், ரேடியோ சாமான் வாங்க வந்தவர், ரேடியோக் கடை வைத்திருக்கும் மச்சான் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். கௌரவம்! அந்தக் கௌரவத்தைக் கொண்டுபோய் அவள் காதில் மாட்டுங்கள், கேட்கிறதா பார்ப்போம்.

ஓம் என்பது நூல் நம்பர் இல்லை. அதில் உசத்தி, மட்டம் கிடையாது. ஹெட்போனுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்குத்தான் அந்த எண். மாமாவுக்குப் புரிகிறபடி சொல்கிறேன். அது சட்டை அளவு. நாற்பது அங்குலச் சட்டை முப்பது அங்குலச் சட்டையைவிட உசத்தியா? போடுகிறவன் உடம்புக்குச் சரியாக இருப்பதுதான் நல்ல சட்டை. உங்கள் டிரான்சிஸ்டர் சின்ன செட். எட்டு ஓம் இயர்போனுக்காகச் செய்தது. அதன் வோல்ட்டேஜுக்கு இரண்டாயிரம் ஓம் சுருளில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, அதனால்தான் கொசு பாடியது. அந்த ஹெட்போன் கெட்டதும் இல்லை. வோல்ட்டேஜ் அதிகம் உள்ள வால்வு செட்டுக்கு அது பொருந்தும்.

ஆனால் பூங்கோதைக்குப் பொருந்தாது. அதில் ரப்பர் வளையம் கிடையாது, காதின் மேல் தட்டையாக உட்காரும், சத்தம் கசியும். கனத்த சத்தமும் அதில் வராது, அவளுக்கு வேண்டியதே அதுதான். மூலையில் போடுங்கள்.

சத்தம் போட்டு எழுதிவிட்டேன். அவள் அதைத் தொப்பி என்று போட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சொக்கலிங்கம்


செஞ்சி
13-10-1966

தம்பிக்கு,

மூலையில் போடச் சொன்னாய், போட்டேன். நீ வேறொன்று அனுப்புவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புரட்டாசி முடியப் போகிறது. நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது. இங்கே ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படிப் போகிறது தெரியுமா? விடுதியில் சேர்க்க என்னென்ன துணி எடுக்க வேண்டும் என்று தைலம்மாள் கடைப் பையன்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் கடையிலேயே எங்கள் பெண்ணை அனுப்பத் துணி எடுக்கிறார்கள்.

அதனால் நானே வழி பார்த்துவிட்டேன். வால்வு செட்டுக்கு அந்த ஹெட்போன் பொருந்தும் என்று நீதானே எழுதினாய்? ராஜாங்கத்திடம் பெரிய வால்வு ஆம்ப்ளிபையர் இருக்கிறது. கூப்பிட்டுக் காட்டினேன். "இது இன்னாம்மா பிரமாதம்? அவுட்புட் வால்வுலேருந்து நேரா ஒரு ஒயர இழுத்துடறேன். சும்மா கும்முனு கேக்கும்" என்றார். மேல்மலையனூரில் அமாவாசை வேலை இருக்கிறதாம், அதை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உன்னை நம்பிக் காத்திருந்தால் என் பெண் விடுதியில் இருப்பாள். கேட்டுவிட்டது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அப்போது உன் பொருத்தத்தை எல்லாம் நீயே வைத்துக்கொள்.

செந்தாமரை


சென்னை
15-10-1966

அக்கா,

தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கடவுளே, அது உனக்கு ஞாயிறு காலைக்குள் வந்து சேர வேண்டும்.

அவுட்புட் வால்விலிருந்து நேராக ஒயரா! அந்த இடத்தில் இருநூற்றைம்பது வோல்ட் ஓடுகிறது. பாட்டும் அதே கம்பியில்தான் வருகிறது, கொல்லுகிற மின்சாரமும் அதே கம்பியில்தான் வருகிறது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டுப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ராஜாங்கம் குழாய்க்கே அப்படித்தான் எடுக்கிறார். குழாய் மரத்தில் தொங்குகிறது, ஹெட்போன் குழந்தையின் தலையில் இருக்கப் போகிறது. வியர்த்த தலை, தேய்ந்துபோன பழைய ஒயர், காதில் உலோகக் கம்மல் வேறு. நினைத்துப் பார்த்தாயா? என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யத் துணிந்தாய்?

வால்வு என்று நான் பாதி எழுதி நிறுத்தியது தப்புதான். நீ அவசரக்காரி என்பது தெரிந்தும் எழுதினேனே என்று என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

நான் சும்மா இல்லை. ஆறு டார்ச் செல்லில் ஓடுகிற ஆம்ப்ளிபையர் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் எங்கே கை வைத்தாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. விமானக்காரர்கள் போடுகிற மூடிய ஹெட்போன் கிடைத்துவிட்டது. அது ஐம்பது ஓம். அதற்குச் சரியாக டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுத்திருக்கிறேன், சுற்றுகிறவர் இழுத்தடிக்கிறார். சொல்லாமல் செய்து அனுப்பி உன்னை வாயடைக்க வைக்கலாம் என்று இருந்தேன். என் வீம்பும் உன் வீம்பும் சேர்ந்து அந்தக் குழந்தையை என்ன செய்யப் பார்த்தது!

சொக்கலிங்கம்


செஞ்சி
28-11-1966

தம்பிக்கு,

உன் தந்தி வந்த கதையை உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். தந்தி என்றால் இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே தைலம்மாள் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். யார் செத்தது என்று தெரியாமலே ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் கடையைப் பாதி சாத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ராஜாங்கம் ஒயரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டாதே, ஆபத்து என்று தந்தியைப் படித்துச் சொன்னதும் தைலம்மாளுக்கு வந்த கோபம் உன் மாமாவையே ஓட வைத்தது. "சாவு இல்லாம எவனாச்சும் தந்தி அடிப்பானா? உன் தம்பிக்கு புத்தி இருக்குதா?" ராஜாங்கம் முகம் கறுத்துப் போய் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் பூங்கோதையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன். உன் மேல் கோபப்படவும் முடியாத ஒரு நாள் அது.

சரி, அது முடிந்தது. இப்போது கோபப்படக் காரணம் கொடுத்திருக்கிறாய். தீபாவளி வியாபாரமெல்லாம் முடிந்த பிறகு ஒருவழியாக உன் பார்சல் வந்தது. நீ சீட்டில் எழுதியபடியே செல் போட்டேன். சிவப்புக் கோட்டுக்கு மேல் திருகினால் மிச்சமிருக்கும் காதும் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தாய், பயந்து பயந்துதான் திருகினேன். கோட்டில் பாதி வருவதற்குள் ஊளை! மைக்கை எங்கே தள்ளி வைத்தாலும் ஊளை. மூடிய ஹெட்போன், கசியாது, ஊளையிடாது என்று எழுதினாயே, பின்னே இது என்ன? என்னையே சோதித்துக்கொள்ளலாம் என்று நான் மாட்டிப் பார்த்தேன். அப்போது ஊளை இல்லை. திரும்ப அவளுக்கு மாட்டினால் ஆரம்பித்துவிடுகிறது. ரப்பரைக் கையால் அழுத்தினால் குறைகிறது. ஆனால் அழுத்தினால் அவள் வலித்து அழுகிறாள், கம்மல் குத்துகிறது.

என் காதில் தோடு இல்லையா, எனக்கு ஏன் குத்தவில்லை என்று கேட்பாய். என்னுடையதைப் பொங்கல் சரக்குக்காக உன் மாமா எங்கேயோ வைத்திருக்கிறார். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மார்கழி வரப்போகிறது. அடுத்தது தை. சீக்கிரம் எழுது.

செந்தாமரை


சென்னை
1-12-1966

அக்காவுக்கு,

காரணத்தை நீயே எழுதிவிட்டாய், உனக்குத் தெரியவில்லை. கம்மல்தான். நான் போட்டது ஏழு கல் வைத்த பெரிய கம்மல். அது ரப்பரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சந்து வழியாகச் சத்தம் கசிந்து மைக்குக்குப் போகிறது. உன் காது வெறுங்காது, அதனால் ரப்பர் முழுசாகப் படிந்தது. ஹெட்போன் மேல் தப்பு இல்லை, என் மேல் தப்பு இல்லை. கம்மலைக் கழற்று.

தைலம்மாள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண் குழந்தை காதை மூளியாக விடுவதாவது என்பாள். ஓட்டை தூர்ந்துவிடும் என்பாள். தூராமல் இருக்க வேப்பங்குச்சியைச் சின்னதாக நறுக்கிச் சொருகிவிடு, ரப்பர் அதன் மேல் படிந்துவிடும். போட்டவனே சொல்கிறேன் என்று சொல். அது தாய்மாமன் சீர்தான். கடன் வாங்காமல், கடைச் சாமானை விற்று, நானே தேர்ந்தெடுத்த கல். அவள் காதில் அது இருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் காதில் கம்மல் இருப்பதைவிடக் காதில் சத்தம் விழுவது முக்கியம் இல்லையா? இதைக்கூட நான் எழுதித்தான் அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டுமா?

உன் தோடு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. மாமாவிடம் நேரில் கேட்கிறேன்.

சொக்கலிங்கம்


செஞ்சி
14-12-1966

தம்பிக்கு,

ஒளித்துச் செய்யவில்லை. தைலம்மாள் எதிரிலேயே உட்கார்ந்து கம்மலைக் கழற்றினேன். குச்சியைச் சொருகினேன். "கம்மலக் கழட்டுனா இந்த வூட்ல நான் சோறு துண்ண மாட்டேன்" என்றாள். சொன்னபடி சாப்பிடவில்லை. உன் மாமா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். போகும்போது, "மாட்டிப் பாரு செந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அக்கா காதுபட அவர் சொன்ன முதல் சொந்த வார்த்தை அது.

ஊளை நின்றுவிட்டது. ரப்பர் ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்தது. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பூங்கோதை, கண்ணு, அம்மாவப் பாரு" என்றேன். சிவப்புக் கோடு வரை திருகினேன். ஒன்றும் இல்லை. பாடினேன், கொஞ்சினேன், கத்தினேன். அவள் பொம்மையின் கையைப் பிடுங்குவதிலேயே இருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு பேரைப் பகைத்துக்கொண்டு, காதை மூளியாக்கி, கடைசியில் இதுதானா என்று உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியும் விட்டேன்.

அப்போதுதான் தைலம்மாள் வந்தாள். அவள் குரல் உனக்குத் தெரியுமே, தவில் மாதிரி. பெண்ணின் முதுகுக்குப் பின்னால், மைக் வைத்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள். "அறிவிருக்குதாடி உனக்கு? பொட்டப்புள்ள காதுல குச்சியச் சொருகி வச்சிருக்கறியே, நல்லாருக்குதா பாக்கறதுக்கு?"

பூங்கோதையின் கை நின்றது. பொம்மையைக் கீழே விட்டாள். அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

தைலம்மாளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நின்றதும் பூங்கோதைக்கு முகம் சுருங்கியது. எழுந்து போய் மைக்கை இரண்டு கையாலும் தூக்கி, தன் அத்தையின் வாயில் இடித்துக்கொண்டு நின்றாள். "இன்னாடி... இன்னா வேணும் உனக்கு?" என்று தைலம்மாள் சொன்னதும் குழந்தை சிரித்தாள். தைலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஆத்திரம் வந்தது. பெற்றவள் மூன்று நாள் தொண்டை கிழியக் கூப்பிட்டது ஏறாத காதில், வேண்டாம் என்று விரட்டியவள் வசவு ஏறுகிறது. இது எந்த ஊர் நியாயம்? கனத்த சத்தம்தான் விழும் என்று டாக்டர் சொன்னார், நீயும் எழுதினாய். என் குரல் கீச்சுக் குரல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாகச் சேர்ந்து நான் அழுத அழுகையில் உன் மாமா கடையிலிருந்து ஓடி வந்தார்.

இப்போது நானும் அடித்தொண்டையில் பேசிப் பழகுகிறேன். வீட்டுக்குள் யாரோ ஆம்பிளை பேசுகிறார் என்று கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். என் குரலுக்கும் திரும்ப ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அத்தை பேசினால்தான் சிரிக்கிறாள். விடுதி என்று உன் மாமா வாயெடுத்ததற்கு, "விடுதியா? எவ சொன்னா?" என்று தைலம்மாள் அவர் மேல் பாய்ந்தாள். தான் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லையாம். மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் அவளே எடுத்துப்போய்க் கடையில் போட்டுவிட்டாள்.

இப்போது அவசரமாக எழுதுவது வேறொன்றுக்கு. தைலம்மாள் நாள் முழுக்கப் பேசிப் பேசி ஆறு செல்லும் தீர்ந்துவிட்டது. கடைத்தெருவில் செல் இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன கூட்டம் செஞ்சியில் இருந்த டார்ச் செல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. உன் மாமா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறார். இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க நீ அங்கிருந்து ஒரு பெட்டி செல் எடுத்துக்கொண்டு வா. அனுப்பாதே, எடுத்துக்கொண்டு வா.

காலையிலிருந்து பூங்கோதை ஹெட்போனைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். பெட்டியை அடிக்கிறாள், திருகுகிறாள், ஒன்றும் வராததால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கத்துகிறாள். வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அது அழுகை இல்லை, தம்பி. நன்றாகக் கேட்டுப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்ததைப் பிடுங்கிக்கொண்டீர்களே என்று எங்களைத் திட்டுகிறாள்.

செந்தாமரை